மாணவர் அட்டையும் நம் கல்லாப்பெட்டியும்



சில வாரங்களுக்கு முன் ஒரு மாலை, ஊருக்கு வெளியே கல்லூரிச் சாலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் பாக்கி கொடுக்க என் கடைக்கு வந்தார். பதினைந்து வருடமாக என்னிடம் சரக்கு எடுப்பவர். சொன்ன தேதி தவறாதவர். அன்றைக்குப் பாதிப் பணம்தான் கொண்டுவந்திருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"ஐயா, பசங்க கடைக்கு வர்றதே குறைஞ்சுபோச்சு. வர்றவங்களும் காலேஜ் கார்டை நீட்டி, 'அண்ணா, இது எடுக்குமா?'ன்னு கேக்கறாங்க. எடுக்காதுன்னு சொன்னா, கையில எடுத்த பிஸ்கட்டைத் திரும்ப வச்சுட்டுப் போயிடறாங்க. உள்ள இருக்கிற கடையில அந்தக் கார்டு செல்லுது. இப்போ ஒரு கம்பெனி ஆள் வந்து, உன் கடைக்கும் மிஷின் தர்றேன், நூத்துக்கு அஞ்சு ரூபா பிடிப்போம், பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை கணக்கு முடிப்போம்னு சொல்றான். வாங்கி வச்சுக்கலாமா?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. கல்லூரி வாசலை வியாபாரியாக மட்டுமே மிதித்தவன் நான். ஆகவே ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். வங்கியில் இருக்கும் நண்பர்கள், ஆடிட்டர், கல்லூரிகளில் கணக்குப் பார்ப்பவர்கள் என்று பலரிடம் விசாரித்தேன். தெரிந்துகொண்டதையும், என் அபிப்பிராயத்தையும் நம் சங்க இதழில் எழுதிவிடுவது நல்லது என்று பட்டது. இந்தக் கேள்வி ஒரு கடைக்காரருடையது மட்டும் அல்ல. நாளைக்கு உங்கள் கடைக்கும் அந்த ஆள் வருவான்.

மூன்று வகை அட்டை

மாணவர் அட்டை என்று பொதுவாகச் சொல்கிறோம். அதில் மூன்று வகை இருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்காமல் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும்.

முதல் வகை, வெறும் அடையாள அட்டை. வாசல் கதவுக்கும் நூலகத்துக்கும் பயன்படும். பணம் இதில் கிடையாது.

இரண்டாவது வகை, கல்லூரியின் சொந்தப் பண அட்டை. பெற்றோர் முன்கூட்டியே பணம் கட்டிவிடுகிறார்கள். கேன்டீன், நோட்டுக் கடை, சலவை, ஜெராக்ஸ் ஆகியவற்றில் அட்டையைக் காட்டினால் தொகை கழியும். வாசலுக்கு வெளியே இது வெறும் பிளாஸ்டிக் துண்டு.

மூன்றாவது வகை, வங்கி தரும் அட்டை. ஒரு பக்கம் மாணவரின் படமும் கல்லூரிப் பெயரும். மறுபக்கம் ரூபே முத்திரை. நம் நாட்டில் பல வங்கிகள் கல்லூரிகளோடு சேர்ந்து இப்படி அடையாள அட்டையையும் டெபிட் கார்டையும் ஒன்றாக அச்சிட்டுத் தருகின்றன. இது எந்தக் கடையிலும் செல்லும்.

நண்பர் சொன்னது இரண்டாவது வகை. உள்ளே மட்டும் செல்ல வேண்டிய அட்டையை, நடுவில் ஒரு கம்பெனி புகுந்து, கமிஷன் வாங்கிக்கொண்டு வெளியே செல்லும்படி செய்து தருகிறேன் என்கிறது. நம் தலைவலி இதில்தான்.

வெளிநாடுகளில் நடந்தது

இது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் நீண்ட காலமாக இதைச் செய்துவந்திருக்கின்றன. வட கரோலினா மாநிலத்தில் டர்ஹாம் என்ற ஊரில் டியூக் பல்கலைக்கழகம் இருக்கிறது. அது நடத்திவந்த திட்டம் ஒன்றில், ஊர் உணவகங்கள் விடுதி மாணவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து, மாணவர் அட்டையிலுள்ள புள்ளிகளில் விலையைக் கழித்துக்கொண்டன. ஊர்க் கடைகளுக்கு வியாபாரம். பிள்ளைகளுக்கு வாய்க்கு ருசி. ஆனால் இத்தகைய திட்டங்களில் விற்பனைத் தொகையில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகமோ அட்டைக் கம்பெனியோ எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். தட்டு விலையில் பாதி லாபம் வைக்கும் உணவகக்காரர் அதைத் தாங்குவார். கிலோ சர்க்கரையில் ஒன்றிரண்டு ரூபாய் பார்க்கும் மளிகைக்காரர் தாங்குவாரா என்பதுதான் கேள்வி.

ஹாங்காங்கில் ஆக்டோபஸ் என்ற அட்டை 1997 செப்டம்பரில் வந்தது. முதலில் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும்தான். பிறகு கடைகளிலும் செல்லத் தொடங்கியது. அப்படிக் கடைகளுக்குப் பரவ வேண்டிய கட்டம் வந்தபோது, 2000-ஆம் ஆண்டில் அந்தக் கம்பெனி அங்குள்ள நாணய ஆணையத்திடம் டெபாசிட் வாங்கும் நிறுவனமாக அனுமதி பெற்றது. இதைக் கவனிக்க வேண்டும். பயணச் சீட்டாக இருக்கும்வரை ஒரு விதி. ஊர் முழுக்கப் பணமாகப் புழங்க ஆரம்பித்தால் வேறு விதி.

சிங்கப்பூரில் 2017-இல் பி.ஓ.எஸ்.பி. வங்கி பள்ளிப் பிள்ளைகளுக்குக் கையில் கட்டும் கடிகாரம் போன்ற ஒரு கருவியைக் கொடுத்தது. பிள்ளை பள்ளிச் சிற்றுண்டிக் கடையில் என்ன செலவு செய்கிறது என்று பெற்றோர் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம். அங்கே இதை நடத்தியது வங்கி. பணத்துக்குப் பொறுப்பாளி யார் என்பதில் சந்தேகம் இல்லை.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் இதற்கு 2007-ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா, தீர்வு முறைகள் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் ரிசர்வ் வங்கி முன்பண அட்டைகளுக்கு 2017 அக்டோபரிலும், பிறகு திருத்தி 2021 ஆகஸ்ட் 27-லும் விரிவான வழிகாட்டுதல் வெளியிட்டது.

அதன் சாரம் இதுதான். ஒரு நிறுவனம் தன் சொந்தப் பொருளையும் சேவையையும் தன்னிடமே வாங்கிக்கொள்வதற்காக மட்டும் கொடுக்கும் அட்டை, மூடிய வகை. அதற்கு ரிசர்வ் வங்கி அனுமதி தேவை இல்லை. ஆனால் மூன்றாம் மனிதர் கடையில் அது செல்ல வேண்டும் என்றால், அதை வெளியிடுபவர் வங்கியாகவோ, ரிசர்வ் வங்கியின் அங்கீகாரம் பெற்ற நிறுவனமாகவோ இருக்க வேண்டும். வங்கி அல்லாத நிறுவனம் என்றால், மக்களிடம் வாங்கிய பணத்தை ஒரு வங்கியில் தனி எஸ்க்ரோ கணக்கில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பணத்தை எடுத்துத் தன் கட்டட வாடகை கட்ட முடியாது. அது வியாபாரிக்கும் அட்டைதாரருக்கும் சேர வேண்டிய பணம்.

2021 வழிகாட்டுதலில் சிறு அட்டைக்கு ஒரு சமயத்தில் 10,000 ரூபாய் வரைதான் இருப்பு வைக்கலாம். வெளியிட்டவரோடு ஒப்பந்தம் செய்த கடைகளில்தான் அது செல்லும். முழு விவரம் கொடுத்து வாங்கும் அட்டையோ, அட்டை வலைப்பின்னல் வழியாகவோ யூபிஐ வழியாகவோ எல்லாக் கடையிலும் செல்லும்படி 2022 மார்ச் 31-க்குள் மாற்றப்பட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள்.

இதைப் படித்தபின் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. நண்பரிடம் வந்த ஆள் முதலில் காட்ட வேண்டியது கார்டு மிஷின் அல்ல, அங்கீகாரக் கடிதம். அது இல்லாவிட்டால், நாம் சரக்கைக் கொடுத்துவிட்டு வாங்குவது பணம் அல்ல. ஒருவர் வாய் வார்த்தை.

ஒரு பழைய அனுபவம்

வாய் வார்த்தை என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1990-களின் கடைசியில் மொத்த வியாபாரத்தோடு ஒரு சில்லறைக் கடையும் என் குடும்பத்தில் நடந்தது. என் தம்பி பார்த்துவந்தான். அந்தச் சமயத்தில் ஒரு நிறுவனம் தன் ஆட்களுக்கு மாதாமாதம் மளிகைச் சீட்டு கொடுத்தது. ஐம்பது ரூபாய், இருபது ரூபாய் என்று அழகாக அச்சிட்ட சீட்டு. நாங்கள் வாங்கிக்கொண்டு சரக்குக் கொடுத்தோம். மாதக் கடைசியில் சீட்டை எண்ணிக் கட்டிக் கொண்டுபோனால் காசோலை கிடைக்கும். முதல் ஆறு மாதம் தேதி பிசகாமல் கிடைத்தது. வியாபாரமும் பெருகியது. தம்பிக்கு ஒரே சந்தோஷம்.

ஏழாவது மாதம் பத்து நாள் தள்ளினார்கள். எட்டாவது மாதம் ஒரு மாதம் தள்ளினார்கள். சீட்டு வாங்குவதை நிறுத்தினால் பழைய பாக்கி வராதோ என்ற பயம். நிறுத்தாவிட்டால் பாக்கி ஏறுகிறது. கடைசியில் 62,000 ரூபாய் நின்றுபோயிற்று. இரண்டு வருடம் நடந்து 40,000 வாங்கினோம். மீதி 22,000 பேரேட்டில் இன்றும் நிற்கிறது. அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. பையன்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எடுத்துக் காட்டுவேன்.

இதில் எங்கள் தப்பும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆட்களில் சிலர் சீட்டுக்குச் சரக்கு வேண்டாம், பணமாகக் கொடு என்பார்கள். நூறு ரூபாய்ச் சீட்டுக்குத் தொண்ணூறு ரூபாய் கொடுத்த நாளும் உண்டு. அப்போது அது சாமர்த்தியமாகத் தெரிந்தது. கடைசியில் நிறுவனம் காசோலையை நிறுத்தியபோது, "நீங்கள் சரக்கா கொடுத்தீர்கள்? பில்லைக் காட்டுங்கள்" என்று கேட்டார்கள். எல்லாச் சீட்டுக்கும் பில் காட்ட எங்களால் முடியவில்லை.

கூலியைச் சீட்டாகவும் சரக்காகவும் கொடுத்து, தன் கடையிலேயே வாங்கச் செய்யும் பழக்கத்தை இங்கிலாந்தில் 1831-இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். நம் நாட்டில் 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், சம்பளம் நாணயமாகவோ நோட்டாகவோ தரப்பட வேண்டும் என்றது. எல்லா இடத்திலும் செல்லும் பணத்துக்கும், ஓர் இடத்தில் மட்டும் செல்லும் பணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரியவர்கள் அன்றைக்கே புரிந்து வைத்திருந்தார்கள். மாணவர் கூலியாள் அல்லதான். ஆனால் அவர் அப்பா அனுப்பும் பணம் வாசலுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால், வாசலுக்கு வெளியே இருக்கும் கடைக்காரர் கதி என்ன?

நூற்றுக்கு ஐந்து என்றால் என்ன?

ஐந்து சதம்தானே என்று நினைக்கிறோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கடைக்கு அட்டை மூலம் நாளைக்கு 3,000 ரூபாய் விற்பனை என்று வையுங்கள். மாதம் 90,000. அரிசி, சர்க்கரை, எண்ணெய், பிஸ்கட், சோப்பு எல்லாம் கலந்து சராசரியாக நூற்றுக்கு எட்டு கிடைக்கிறது என்றால் மொத்த லாபம் 7,200. ஐந்து சதக் கமிஷன் 4,500. மீதி 2,700.

அடுத்து, பதினைந்து நாள் கழித்துப் பணம் வருகிறது. அப்படியானால் எந்த நாளும் 45,000 ரூபாய் வரை வெளியே நிற்கும். நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்கு அதை நாம் புரட்டினால் மாதம் 675. மீதி 2,025. இதில் கடை வாடகை, கரன்ட் பில், பையன் சம்பளம், எலி கடித்த மூட்டை எல்லாம் அடங்க வேண்டும்.

கம்பெனிக்காரனுக்கு மாதம் 4,500. மூட்டை இறக்கி, பொட்டலம் கட்டி, இரவு பத்து மணிவரை நின்றவருக்கு 2,025.

இதோடு முடிவதில்லை. சில்லறைக் கடைக்காரரின் 45,000 முடங்கினால், அடுத்து முடங்குவது என் பணம். நான் ஆரணி அரிசி ஆலைக்கும், விருதுநகர் பருப்புக் கடைக்கும், ஈரோட்டு மஞ்சள் மண்டிக்கும் பதில் சொல்ல வேண்டும். வியாபாரம் என்பது ஒரே கயிறு. ஒரு முனையில் இழுத்தால் மறுமுனையில் முடிச்சு இறுகும். அதனால்தான் மொத்த வியாபாரியான நான் இதில் தலையிடுகிறேன்.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். ரூபே டெபிட் கார்டுக்கும் யூபிஐக்கும் வியாபாரியிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது என்று 2020 ஜனவரி 1 முதல் மத்திய அரசு ஏற்பாடு செய்தது. அதற்கு முன்பே, 2018 ஜனவரி முதல், வருடம் 20 லட்சத்துக்குள் வியாபாரம் செய்பவரிடம் டெபிட் கார்டுக்கு நூற்றுக்கு 40 காசுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வரம்பு போட்டது. நாடு முழுவதும் இப்படி இருக்கும்போது, ஒரு கல்லூரி வாசலில் மட்டும் நூற்றுக்கு ஐந்து எதற்கு?

யூபிஐ இருக்கிறதே!

இப்படிக் கேட்கும் நண்பர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2016 ஏப்ரலில் யூபிஐ வந்தது. அதே வருடம் நவம்பர் 8-ஆம் தேதி நோட்டுச் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. அதற்குப் பிறகு கீரைக்கட்டு விற்கும் அம்மாவும் கியூஆர் அட்டையை மாட்டிவிட்டார். மாணவர்களில் பெரும்பாலோர் கைப்பேசியைத்தான் நீட்டுகிறார்கள். உண்மை.

ஆனால் பணத்தை முன்கூட்டியே அட்டையில் போட்டுவிட்டால் கைப்பேசியில் செலவு செய்ய அந்தப் பணம் இருக்காது. விடுதிக் கட்டணத்தோடு சேர்த்து ஆறு மாதப் பணத்தை அட்டையில் ஏற்றிவிட்டால், பிள்ளை கையில் மிஞ்சுவது பஸ் செலவுதான். பெற்றோரும் இதை விரும்புகிறார்கள். "பணமாகக் கொடுத்தால் பையன் எங்கே செலவழிக்கிறான் என்று தெரியவில்லை, அட்டை என்றால் கணக்கு வருகிறது" என்கிறார்கள். அந்தக் கவலையைக் குறை சொல்ல முடியாது. நானும் பிள்ளை வளர்த்தவன்.

இதற்கு வேறு வழி இல்லாமல் இல்லை. 2024 ஆகஸ்ட்டில் யூபிஐ சர்க்கிள் என்ற முறை வந்தது. அப்பாவின் கணக்கிலிருந்தே பிள்ளை தன் கைப்பேசியில் செலவு செய்யலாம். மாதம் 15,000 ரூபாய் வரை, ஒரு தடவைக்கு 5,000 வரை என்று உச்ச வரம்பும் வைத்தார்கள். கணக்கும் அப்பாவுக்குத் தெரியும், எந்தக் கடையிலும் செல்லும். பல பெற்றோருக்கு இது தெரியாது. கடைக்கு வரும் பெற்றோரிடம் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அட்டைதான் வேண்டும் என்றாலும் நல்ல வழி இருக்கிறது. தேசியப் பொதுப் பயண அட்டை 2019 மார்ச்சில் வந்தது. பஸ், ரயில், கடை மூன்றுக்கும் ஒரே ரூபே அட்டை என்பது அதன் நோக்கம். சென்னையில் மெட்ரோ ரயில் நிறுவனம் 2023 ஏப்ரலில் சிங்காரச் சென்னை அட்டை என்று அதைக் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் மாநகரப் பேருந்துகளிலும் அது வந்தது. கல்லூரிகளும் வங்கியோடு சேர்ந்து இந்த வகை அட்டையைக் கொடுக்கலாமே. கதவும் திறக்கும், கேன்டீனிலும் செல்லும், நம் கடையிலும் செல்லும்.

அரசே இதற்கு வழி காட்டியிருக்கிறது. 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போன மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தது. அதை வங்கிக் கணக்கில்தான் போட்டார்கள். 2024 ஆகஸ்ட் 9-இல் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தபோதும் அப்படியே. இந்தக் கடையில்தான் செலவழிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பணம் நோட்டுக் கடைக்கும், மளிகைக் கடைக்கும், டிபன் கடைக்கும் வந்தது.

காஞ்சிக்கு ஏன் இது முக்கியம்?

நம் ஊர் பட்டு நகரம், கோயில் நகரம். பெருமைதான். ஆனால் இரண்டும் பருவத்து வியாபாரம். முகூர்த்த மாதங்களில் காந்தி ரோட்டில் கார் நிறுத்த இடம் இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் ஈ ஓட்டுகிறோம். வரதர் கருட சேவைக்கும் ஏகாம்பரநாதர் பங்குனி உத்திரத்துக்கும் ஊர் நிறையும், மறுநாள் காலியாகும். 2019-இல் அத்திவரதர் 48 நாள் காட்சி கொடுத்தபோது வந்த கூட்டத்தை நாம் மறக்க மாட்டோம். அது நாற்பது வருடத்துக்கு ஒருமுறை. அதை நம்பி மளிகைக் கடை நடத்த முடியாது.

நெசவாளர் குடும்பம்தான் நம் மளிகைக் கடைகளுக்கு முதுகெலும்பாக இருந்தது. பிள்ளையார்பாளையத்துக் கடைக்காரரைக் கேளுங்கள். தறிச் சத்தம் குறையக் குறையக் கணக்கு நோட்டும் மெலிந்துவிட்டது என்பார். நெசவாளர் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள்; அல்லது கல்லூரிக்குப் போகிறார்கள்.

இன்றைக்கு வருடத்தில் பத்து மாதம் தினமும் ஏதாவது வாங்கும் புதிய வாடிக்கையாளர் யார் என்றால் மாணவர்தான். பச்சையப்பன் கல்லூரிகள் இருக்கின்றன. 1993-இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற ஏனாத்தூர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி விசுவ மகாவித்யாலயா இருக்கிறது. பொறியியல், மருத்துவம், பாலிடெக்னிக் என்று சுற்றிலும் கல்லூரிகள். வெளியூர், வெளி மாநிலப் பிள்ளைகளும் வந்து தங்குகிறார்கள். அவர்கள் பட்டுப் புடவை வாங்க மாட்டார்கள். பற்பசை, பிஸ்கட், ஷாம்பு, நூடுல்ஸ், பேனா, கொசுவர்த்தி வாங்குவார்கள். சிறு கடைக்காரர் பிழைப்பது இப்படிப்பட்ட வியாபாரத்தில்தான். அதை ஒரு பிளாஸ்டிக் அட்டை வாசலுக்குள் பூட்டிவைக்க நாம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

நம் பக்கம் திருத்த வேண்டியவை

கல்லூரி நிர்வாகத்திடம் போய்ப் பேசும்போது அவர்கள் நம்மைப் பார்த்து நாலு கேள்வி கேட்பார்கள். அதற்கு முகம் கொடுக்க நாம் தயாராக இருக்க வேண்டும்.

ஒன்று, விலை. வெளியூர்ப் பையன் என்றால் ஒரு ரூபாய் கூட்டி வாங்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கார்டு என்றால் இரண்டு சதம் கூடுதல் என்று பலகை வைப்பவரும் உண்டு. டெபிட் கார்டுக்கு அப்படி வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாது என்பது விதி. ரூபேக்குக் கமிஷனே இல்லாதபோது அது கொள்ளை.

இரண்டு, புகையிலை. 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்வி நிறுவனத்திலிருந்து நூறு கஜத்துக்குள் சிகரெட், புகையிலை விற்கக் கூடாது. இதை மீறுகிற ஒரு கடையைக் காட்டி நூறு கடையைத் தள்ளிவைக்க நிர்வாகத்துக்கு அது போதும்.

மூன்று, அட்டையைத் தேய்த்துப் பணம் கொடுப்பது. சரக்கு விற்றதாகப் பில் போட்டு, பத்து ரூபாய் பிடித்துக்கொண்டு தொண்ணூறு கையில் கொடுப்பது. என் கதையை மேலே சொல்லிவிட்டேன். அந்த 22,000 ரூபாய்ப் பாடம் உங்களுக்கு இலவசமாகவே கிடைக்கட்டும்.

நான்கு, கணக்கு வெளியே தெரியும் என்ற பயம். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யூபிஐ வரவைப் பார்த்துச் சிறு கடைக்காரர்களுக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரில் பல கடைகளில் யூபிஐ இல்லை என்று எழுதி ஒட்டினார்கள். அந்தச் செய்தியைப் படித்து நம்மில் பலர் கலங்கினோம். பயந்து கியூஆர் அட்டையைக் கழற்றுவது தீர்வு ஆகாது. நம் மாநிலத்தில் சரக்கு வியாபாரத்துக்கு வருட விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு. அதற்கு மேல் போனாலும், ஒன்றரைக் கோடி வரை நூற்றுக்கு ஒன்று கட்டும் கூட்டுத் திட்டம் இருக்கிறது. வரிவிலக்குச் சரக்கு எது, வரி உள்ள சரக்கு எது என்று நாள்வழியில் பிரித்து எழுதுங்கள். ஆடிட்டரைக் கேளுங்கள். எழுதிய கணக்கு இருந்தால் நோட்டீஸுக்குப் பதில் சொல்லலாம்.

சங்கம் செய்ய வேண்டியது

என் வேண்டுகோள்களை வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்தக் கம்பெனியோடும் கடைக்காரர் தனித்தனியாகக் கையெழுத்துப் போட வேண்டாம். ஒப்பந்தத்தைச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். ரிசர்வ் வங்கி அங்கீகாரம் உண்டா, எஸ்க்ரோ கணக்கு எந்த வங்கியில், பணம் எத்தனை நாளில் வரும், கமிஷன் எவ்வளவு, மிஷின் வாடகை எவ்வளவு, ஒப்பந்தத்தை முறித்தால் என்ன ஆகும் ஆகிய ஆறு கேள்விக்கும் எழுத்தில் பதில் வேண்டும்.

2. சங்க நிர்வாகிகள் ஊரிலும் சுற்றிலும் உள்ள கல்லூரி நிர்வாகங்களை நேரில் பார்த்து, மாணவர் அட்டையை ரூபே அட்டையாகக் கொடுக்கும்படி கேட்க வேண்டும். சண்டைக்குப் போக வேண்டாம். அவர்களுக்கும் ஊர் வேண்டும், நமக்கும் கல்லூரி வேண்டும்.

3. கல்லூரிகளுக்கு அருகிலுள்ள கடைகள் ஒரு நன்னடத்தை உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். அச்சிட்ட விலைக்கு மேல் இல்லை, கேட்டால் பில், புகையிலை இல்லை, அட்டைக்குப் பணம் இல்லை. உறுதி கொடுத்த கடைகளுக்குச் சங்கம் ஓர் அறிவிப்புப் பலகை கொடுக்கலாம்.

4. மொத்த வியாபாரிகளான நாங்களும் ஒன்று செய்ய வேண்டும். கார்டு, யூபிஐ விற்பனை அதிகமுள்ள சிறு கடைகளுக்கு, கையில் சில்லறை இல்லை என்று சரக்கை நிறுத்தாமல், எங்கள் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் வசதியைச் செய்து கொடுக்க வேண்டும். ரொக்கமாகத்தான் தர வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடித்துக்கொண்டு, சில்லறைக் கடைக்காரரை மட்டும் மாறச் சொல்வது நியாயம் அல்ல.

5. வரும் மே 5 வணிகர் தினத்தில், மாவட்டம் முழுவதும் உள்ள கல்லூரிச் சாலைக் கடைக்காரர்களை ஒன்றாக உட்கார வைத்து இதைப் பேச வேண்டும். இது காஞ்சிக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல. கல்லூரி உள்ள ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது.

நண்பர் ஒரு வாரம் கழித்து வந்தார். மேலே போட்ட கணக்கைத் துண்டுச் சீட்டில் எழுதி அவரிடம் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தார். "ரெண்டாயிரத்து இருபத்தஞ்சுக்காகவா ஐயா அந்த மிஷினை வைக்கப் பாத்தேன்!" என்று சிரித்துவிட்டார். அந்த ஆளிடம் அங்கீகாரக் கடிதம் கேட்டாராம். கொண்டுவருகிறேன் என்று போனவன் இன்னும் திரும்பவில்லை என்றார். கல்லூரிக்கு எழுத ஒரு கடிதம் தயார் செய்து தரும்படி கேட்டார். அது அவர் ஒருவர் பெயரில் போகக் கூடாது, சங்கத்தின் பெயரில் போக வேண்டும் என்று சொன்னேன்.

மீதிப் பாக்கிக்கு அடுத்த மாதக் கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறேன். அவர் நாள் தவறாதவர், கொடுத்துவிடுவார். ஆனால் அவர் கடைக்கு வாடிக்கை திரும்பினால்தான் அதற்கடுத்த மாதமும் கொடுக்க முடியும். அதற்கு நாம் ஒன்றாக நின்று கேட்க வேண்டும். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.